சிவப்பு எரிந்தபோது

பள்ளி உள்ளரங்கில் பருவத்தின் கடைசி வாள்வீச்சுப் போட்டி. மோதும் இரண்டு பெண்களும் சமநிலை, அடுத்த குத்து யாருடையதோ, அவளுடைய பள்ளிதான் மாவட்டப் போட்டிக்குப் போகும். பஸ் டிப்போவிலிருந்து காக்கிச் சட்டையோடு ஓடிவந்த டிரைவரம்மா முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறாள். மகள் விளையாடுவதை இன்றுதான் முதல்முறை பார்க்கிறாள். வெள்ளை உடுப்பும் கம்பிவலை முகமூடியுமாக இரண்டு பெண்களும் அச்சில் வார்த்ததுபோல் நிற்க, “இடது பக்கம் நிக்கிறதுதான் நம்ம கழுதை” என்று முணுமுணுத்துக்கொள்கிறாள். காலணிகள் கிறீச்சிடுகின்றன. வாள்கள் உரசுகின்றன. மேசைமேல் இருக்கும் புள்ளிப் பெட்டி கீச்சிட்டு, அதில் சிவப்பு விளக்கு எரிகிறது. வருடக்கணக்காகச் சிவப்பைக் கண்டதும் பிரேக்கை மிதித்த கால் தானாகவே தரையை அழுத்துகிறது. “ஐயோ, போச்சு!” என்று தலையில் கை வைக்கிறாள்.

“என்னக்கா நீங்க! சிவப்பு எரிஞ்சா இடது பக்கத்துக்குப் புள்ளி. உங்க பொண்ணு ஜெயிச்சுட்டா, கையைத் தட்டுங்க!” என்று பக்கத்து இருக்கைப் பெண் இடிக்கிறாள். அதற்குள் மகள் முகமூடியைக் கழற்றிவிட்டாள். அம்மாவின் முகத்தைத்தான் முதலில் பார்க்கிறாள். உயர்ந்த வாள் பாதியில் நிற்கிறது. அம்மா அவசரமாகக் கையை இறக்கிச் சிரிக்கிறாள். மகளோ நடுவர் பக்கம் திரும்பி, “சார், புள்ளி எனக்குத்தானே?” என்கிறாள்.