நடுவில் ஓடிய புரோகிராம்

"ரெண்டு புரோகிராமுக்கு நடுவுல மூணாவதா ஒண்ணு ஓடுது. அதுவும் உங்க கம்ப்யூட்டர்ல இருந்து. என்ன திருட்டுத்தனம் இது?"

மேலாளர் அம்மா கொதித்துப்போயிருந்தார். எதிரே சிடுமூஞ்சி. அலுவலகமே வைத்த பெயர்; அவர் சிரித்து யாரும் பார்த்ததில்லை.

விஷயம் இதுதான். பேருந்துகள் எங்கே வருகின்றன என்று திரட்டி அனுப்புவது, புதிதாகச் சேர்ந்த பெண் பைத்தான் என்ற கணினி மொழியில் எழுதிய புரோகிராம். அதை வாங்கித் திரையில் காட்டுவது சிடுமூஞ்சி எழுதியது. வண்டி எண், இடம், நேரம் எல்லாம் ஒரே பொட்டலமாக இங்கிருந்து அங்கே போகும். அதை நடுவழியில் ஒருவர் பிரித்துக் கட்டினால் கோபம் வராதா?

"பிள்ளைங்களை வளர்த்துட்டு இத்தனை வருஷம் கழிச்சு வேலைக்கு வந்திருக்காங்க. அவங்க மேல பொறாமையா உங்களுக்கு?"

"அதை நிறுத்தாதீங்க மேடம்." அவ்வளவுதான் சொன்னார்.

"நாளையிலேர்ந்து நீங்க வர வேண்டாம்" என்று வெடித்த மேலாளர், தானே அந்த மூன்றாவது புரோகிராமை நிறுத்தினார்.

சுவர்த் திரையில் பேருந்துகள் எல்லாம் அப்படியே உறைந்து நின்றன.

அந்தப் பெண் ஓடிவந்தாள். பிழைச் செய்தியைப் படித்ததும் முகம் வெளுத்துவிட்டது.

"ஐயோ, என் தப்பு மேடம்! போன மாசம் 'நேரம்'கிற பேரை 'வரும் நேரம்'னு என் பக்கம் மாத்தினேன். இவர்கிட்ட சொல்லவே மறந்துட்டேன். வாங்கற புரோகிராம் பழைய பேரைத்தானே தேடும்? ஆமா... இத்தனை நாள் எப்படி ஓடுச்சு?"

பதிலுக்குக் காத்திராமல் அவள் உட்கார்ந்து மளமளவென்று சரிசெய்தாள். பேருந்துகள் நகர்ந்தன, நடுவில் யாருடைய தயவும் இல்லாமல்.

அவள் போனதும் மேலாளர் சிடுமூஞ்சியிடம் திரும்பினார்.

"நாளைக்கு வழக்கம்போல வந்துடுங்க. பழைய பேரைப் போட்டுப் போட்டு அனுப்பினது நீங்கதானே? அவங்ககிட்டயே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"சொல்லத்தான் போனேன் மேடம்" என்றார் சிடுமூஞ்சி. "அன்னைக்குத்தான் நீங்க எல்லார் முன்னாடியும் அவங்களைப் பாராட்டினீங்க. வீட்டுக்குப் போன் போட்டு, 'அம்மா பாஸாயிட்டேன்டா'ன்னு பிள்ளைகிட்ட சொல்லிட்டிருந்தாங்க. எனக்கு வாய் வரலை."