பதினோரு தையல்

காலில் சுற்றியிருந்த அந்தப் பருத்தி நார்ப் பட்டை, புண்ணில் சீழ் பிடித்தால் நீலமாக மாறிவிடும். மாறினால் வலது பாதத்தை எடுக்க வேண்டியிருக்கும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். பாதம் போனால் மாம்பலத்துக் கடையில் தையல் மெஷினை எப்படி மிதிப்பது என்பது அக்பர் பாஷாவின் கவலை.

பத்து நாள் பட்டையை யாரும் பிரிக்கவில்லை. அது வெள்ளையாகவே இருந்தது. இன்று காலை நர்ஸ் ஜூலியட் அதை மெல்ல உரித்தாள். எட்டு மாதப் புண் மூடியிருந்தது.

"ஆறிப்போச்சு பாய்! பொண்ணு நிக்காவுல நீங்களே ஓடியாடி பிரியாணி பரிமாறலாம்!"

மகள் தஹ்சீன் அழுதுகொண்டே சிரித்தாள்.

ஜூலியட் குனிந்து பார்த்தாள். "இன்னா பாய், தையல் கீது? நாங்க போடலையே."

வெள்ளை நூலில் பதினோரு பொடித் தையல்கள். கடைசித் தையல் மட்டும் பின்பக்கம் திரும்பியிருந்தது. கடையில் ஹெம்மிங் செய்த அவர் மனைவி ஜஹனாரா அப்படித்தான் முடிப்பாள். அவள் இறந்து மூன்று வருடமாகிறது.

அக்பர் பாஷா வாய்விட்டுச் சிரித்தார். "எத்தினி வாட்டி சொல்லியும் உங்கம்மா கத்தரிக்கோல எடுக்க மாட்டா, பாரு!"

நூலின் நுனி பல்லால் கடிபட்டுப் பிசிறியிருந்தது. தஹ்சீன் அதைத் தொட்டாள்.

இன்னும் ஈரமாக இருந்தது.