ஓடு பிரித்த வீடு

ஓடுகளைப் பிரித்து வாசலில் அடுக்கியாயிற்று. இத்தனை வருடங்களாக எட்டிப் பார்க்காத வெயில் அந்த ஒற்றை அறை முழுவதும் கொட்டிக் கிடக்க, மூலையில் இருக்கும் ஒட்டடைகூடப் பளிச்சென்று தெரிகிறது. சுவரோரக் கட்டிலில், ஒரு பக்கம் விளங்காமல் போன கணவர் வானத்தையே பார்த்தபடி படுத்திருக்கிறார். மனைவி ஏணியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். புதுக்கூரைக்குச் சட்டம் பொருத்த ஏறியிருக்கும் தச்சர், சுவரின் தலையில் உளியை மெல்ல ஊன்றுகிறார். அது கைப்பிடி வரை இறங்குகிறது. ஈரமண் பொலபொலவென்று அவள் தோளில் உதிர்கிறது. “ஒழுகின தண்ணியெல்லாம் சுவருக்குள்ளயே இறங்கியிருக்குக்கா. உள்ள ஒண்ணுமே இல்ல. புதுக்கூரைய இது தாங்காது.” சொட்டிய இடத்திலெல்லாம் பாத்திரம் வைத்தவள்தான். சுவர் குடித்ததை அவள் பார்க்கவில்லை. “அப்ப பழைய ஓட்டையே திருப்பிப் போட்டுருங்க தம்பி.” “அதையும் தாங்காது. பிரிக்கும்போதே ஆடிப்போச்சு. ஓட்டுல கை வைக்கறதுக்கு முன்னாடி சுவரைத் தட்டிப் பாத்திருக்கணும்.” “அத இப்பச் சொல்றீங்களே.” தச்சர் உளியைத் துடைக்கிறார். “நீங்க ஒழுகுதுன்னுதானேக்கா சொன்னீங்க.” அவர் குரலிலும் தெம்பில்லை. மேகம் ஒன்று வெயிலை மறைக்க, அறை சட்டென்று இருள்கிறது. ஈரக்காற்று வீசுகிறது. “எப்ப மூடுவாங்க?” என்று கணவர் குழறுகிறார். “இதோ, இப்ப மூடிருவாங்க” என்கிறாள். கட்டிலைச் சுவரிலிருந்து தள்ளி இழுக்கிறாள். நடு அறையில், திறந்த வானத்துக்குக் கீழே அது வந்து நிற்கிறது. அதற்குமேல் எங்கே நகர்த்துவது என்று தெரியாமல், கட்டில் சட்டத்தைப் பிடித்தபடியே அவள் நிற்கிறாள்.