திரும்பி வருவதற்கான ஆதாரம்

விசா அதிகாரியின் போன் வந்ததும் தமிழ்மதி அப்பாவைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டாள்.

போலந்தில் இரண்டு வாரத் தன்னார்வ முகாம். பல நாட்டு இளைஞர்களோடு சேர்ந்து காட்டுக்குள் நடைபாதை போடும் வேலை. அவள் ஊர் திரும்புவாள் என்பதற்கு ஆதாரம் கேட்டிருந்தார்கள். வழி சொன்னவர் அப்பா சோலைமுத்துதான்.

“சும்மா ஒரு கல்யாணப் பத்திரிகை அடிச்சு வப்போம் ஆத்தா. ஆவணியில முகூர்த்தம்னு போட்டா எவன் சந்தேகப்படப் போறான்?”

இப்போது போனில் அதிகாரி அந்தப் பத்திரிகையைத்தான் பிடித்துக்கொண்டார். “மாப்பிள்ளை ஈஸ்வரன், நெய்க்காரப்பட்டி. இது நிஜமான கல்யாணம்தானா?”

பொய் என்று தெரிந்தால் இனி எந்த நாட்டுக்கும் போக முடியாது.

“நிஜம்தான் சார். எனக்கு முழுச் சம்மதம்.”

“சரி, விசா கிடைத்துவிடும்.”

போனை வைத்துவிட்டு அப்பாவிடம் திரும்பினாள். “மாட்டிக்குவேன்னு பயந்தே செத்தேன்ப்பா! ஆமா, அந்த ஈஸ்வரன்ங்கிற பேரை எங்கருந்து புடிச்சீங்க?”

சோலைமுத்து இவ்வளவு நேரமும் அழைப்பிலேயே இருந்த தன் செல்போனை வாயருகே கொண்டுபோனார்.

“கேட்டீங்களா மாப்ள? பொண்ணு வாயாலயே சம்மதம் சொல்லிருச்சு.”

“கேட்டுச்சுங்க மாமா,” என்றது ஒரு குரல். “மிச்சப் பத்திரிகையையும் நாளைக்கே குடுத்து முடிச்சிரலாமுங்க.”