எதிர்க்கடைப் பெருந்தன்மை

"கம்ப்யூட்டருக்குப் பணம் வரும் சார். அதுக்குள்ள இருந்ததுக்கு வராது" என்றார் இன்ஷூரன்ஸ் அதிகாரி.

மூக்குக்கண்ணாடிக் கடை முதலாளி நாற்காலியில் அப்படியே சாய்ந்தார். எதிரே இருந்த திரையில், 'உங்கள் கோப்புகள் பூட்டப்பட்டுள்ளன' என்ற சிவப்பு எழுத்துகள் திங்கட்கிழமையிலிருந்து அசையாமல் நின்றன.

"அப்புறம் எதுக்குங்க பாலிசி?" முதலாளியின் மனைவிக்குக் குரல் உயர்ந்தது. "சைபர் இன்ஷூரன்ஸ் எடுத்துட்டா எவன் புகுந்தாலும் கவலையே இல்லேன்னுதானே சொன்னீங்க?"

"புது கம்ப்யூட்டர் வாங்கித் தருவோம் மேடம். நிபுணருக்கு, வக்கீலுக்கு, வியாபாரம் நின்ன நாளுக்கு எல்லாத்துக்கும் தருவோம். ஆனா நிபுணரே கையை விரிச்சுட்டார். நீங்க எடுத்து வெச்ச நகலும் அதே கம்ப்யூட்டர்லயே சொருகி இருந்திருக்கு. ரெண்டும் சேர்ந்து பூட்டிக்கிச்சு. இல்லாமப் போனதை எந்தக் கம்பெனியால திருப்பித் தர முடியும்?"

யாருக்கு என்ன பவர், எந்தக் கண்ணில் என்ன கோளாறு, எந்தக் குழந்தைக்கு எப்போது மறு பரிசோதனை என்று கடை பிறந்த நாளிலிருந்து சேர்த்த அத்தனையும் போய்விட்டது. உடைந்த கண்ணாடியோடு ஓடி வந்தவர்களைக்கூடப் பதில் சொல்ல முடியாமல் அனுப்பி வைத்தார்கள். இப்படியே போனால் கடையை இழுத்து மூட வேண்டியதுதான்.

அப்போது கதவைத் திறந்துகொண்டு ஒருவர் உள்ளே வந்தார். எல்லோருக்கும் தூக்கிவாரிப்போட்டது. எதிர்க்கடைக்காரர்!

இரண்டு கண்ணாடிக் கடைகளும் கீரியும் பாம்புமாக இருந்தன. இவர் பத்து சதவீதத் தள்ளுபடி என்று பலகை வைத்தால், பெயின்ட் காய்வதற்குள் அவர் பதினைந்து என்று வைப்பார். காலையில் ஒருவர் ஷட்டரைத் தூக்கினால் மற்றவர் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

வந்தவர் ஒரு சின்ன ஹார்டு டிஸ்க்கை மேசையில் வைத்தார்.

"உங்க கஸ்டமருங்க விவரம் மொத்தமும் இதுல இருக்கு. போன வாரம் வரைக்கும்."

அதிகாரி தன் லேப்டாப்பில் செருகிப் பார்த்தார். பெயர், பவர், தேதி என்று ஒன்றுவிடாமல் இருந்தது. அவர் வாய் பிளந்தது பிளந்தபடியே நின்றது.

"உங்ககிட்ட எப்படி...?" என்றாள் மனைவி.

எதிர்க்கடைக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். "உங்க தம்பிதாம்மா வாரா வாரம் கொண்டுவந்து கொடுப்பார். தப்புதான். போலீஸைக் கூப்பிட்டாலும் சரி. ஆனா கண்ணெதிரே ஒரு கடை சாகறதைப் பார்த்துக்கிட்டு என்னால சும்மா இருக்க முடியல."

லென்ஸ் தேய்க்கும் மெஷினுக்குப் பின்னால் நின்ற தம்பி, அந்த மெஷினுக்குள்ளேயே புகுந்துவிடப் பார்த்தான்.

முதலாளி எழுந்தார். இதோ அறை விழப்போகிறது என்று எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். அவரோ எதிர்க்கடைக்காரரை இறுகக் கட்டிக்கொண்டார்.

"நடந்தது நடந்துபோச்சு. என் கடைக்கு உயிர் கொடுத்திருக்கீங்க. அது போதும் எனக்கு."

எதிர்க்கடைக்காரருக்குக் கண் கலங்கிவிட்டது. "இப்படி ஒரு மனசு எனக்கு வராதுங்க!" என்று திரும்பத் திரும்பச் சொன்னார்.

அதிகாரி பேனாவை மூடினார். "நானும் எத்தனையோ கடையைப் பார்த்துட்டேன். இப்படிக் கொண்டுவந்து கொடுத்தவரையும் பார்த்ததில்லை, இப்படி மன்னிச்சவரையும் பார்த்ததில்லை. எந்த பாலிசியும் இந்த அளவுக்குக் காப்பாத்தாது சார்!"

அதிகாரியும் எதிர்க்கடைக்காரரும் போன பிறகும் மனைவி, கணவரை வைத்த கண் வாங்காமல் பார்த்தாள். இத்தனை வருடம் கூடவே வாழ்ந்தும் இந்தப் பெரிய மனசு தனக்குத் தெரியாமல் போயிற்றே என்று மலைத்துப்போனாள்.

"கூடவே இருந்து குழி பறிச்சிருக்கான் என் தம்பி. அவன்மேல உங்களுக்குக் கோபமே வரலையாங்க?"

முதலாளி வாசலை ஒரு முறை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"எப்படி வரும்? நம்ம கஸ்டமர் விவரத்தைக் கொடுத்தாத்தானே அவனை அவர் கம்ப்யூட்டர் பக்கமே விடுவார். வாரா வாரம் அவரோடதை எடுத்துக்கிட்டு வரச் சொல்லி உன் தம்பியை அனுப்பினதே நான்தான்."