ஒன்பதாம் அத்தியாயம்

பதினொன்று பத்துக்கு வசந்தா செய்த காரியம் முருகையனின் திரையில் மறுபடியும் ஓடியது. பதவி உயர்வுப் பட்டியலைத் திறந்திருக்கிறாள். இரண்டு நிமிடம் பார்த்துவிட்டு மூடியிருக்கிறாள். நூல் கட்டு விவரங்களைப் பதிய வேண்டியவளுக்கு அங்கே என்ன வேலை?

மில்லின் கம்ப்யூட்டர் அறைக்கு அந்தப் புதிய மென்பொருள் வந்து மூன்று மாதம் ஆகிறது. பெரிய கம்ப்யூட்டரோடு சேர்ந்த எந்த டெர்மினலில் யார் உட்கார்ந்து எதைத் திறந்தாலும் அது பதிந்து வைத்துக்கொள்ளும். கூடவே தலையணை கனத்தில் ஒரு இங்கிலீஷ் கையேடும் வந்தது. அதைப் படித்து அதன்படி நடக்கும் பொறுப்பு முருகையன் தலையில் விழுந்தது.

நெற்றியில் திருநீறு, பக்கத்தில் அகராதி, கையில் சிவப்புப் பென்சில். ஒரு அத்தியாயத்தைச் செய்து பார்த்து முடிக்காமல் அடுத்ததைத் தொடமாட்டான். நாலாம் அத்தியாயம் சொன்னபடி, தினமும் எல்லாருடைய திரைகளையும் தாளில் அச்சடித்து, வரி வரியாகப் படித்து டிக் போட்டான். பழைய திரையைத் திரும்ப ஓட்டிப் பார்க்க நேற்றுதான் கற்றுக்கொண்டான்.

"முருகையா!" மேனேஜர் தேவதாஸ் உள்ளே வந்தார். "பட்டியல் நோட்டீஸ் போர்டுக்கு வர்றதுக்குள்ள நெல்லித்தோப்பு ஊரு பூரா பேசிடுச்சி. நாலு மணிக்கு எனக்குப் பேரு வேணும். யாரா இருந்தாலும் நாளையிலேர்ந்து உள்ள வரக் கூடாது."

"பாத்துக்கிட்டேதான் இருக்கேன் சார்."

"என்னத்தப் பாத்த? இந்தக் கம்ப்யூட்டர் காவக்காரன் இல்லாதப்ப ஒரு சேதியும் வெளிய போவல. வந்தப்புறந்தான்யா போவுது!"

அவர் போனதும் முருகையன் தாளை எடுத்து வசந்தாவின் பெயரை எழுதினான். தற்காலிக வேலையில் இருப்பவள். தறி ஓட்டிய அப்பா படுத்த படுக்கை. பிள்ளையாரப்பா, இந்தப் பாவத்தை என் கையாலயா செய்ய வெக்கணும் என்று மனசு அடித்துக்கொண்டது.

இருப்புக்கொள்ளாமல் வாசலுக்குப் போனான். பூவரச மரத்தடியில் பூவாயி பஜ்ஜி போட்டுக்கொண்டிருந்தாள். மற்றவர்களுக்கு நாலு என்றால் முருகையனுக்கு ஐந்து வைப்பாள். காசும் வாங்கமாட்டாள்.

"வாங்க முசியே!" ஐயா என்பதற்கு அவளுக்கு அந்தப் பிரெஞ்சு வார்த்தைதான். "மூஞ்சி ஏன் இப்டி வாடிக் கெடக்குது?"

"ஒண்ணுமில்ல. இன்னிக்கு எனக்கு வேணாம்."

"வேணும்னாலும் இல்ல. போட்ட இருவதையும் வசந்தாப் பொண்ணு வாரிக்கிட்டுப் போயிடுச்சி. ஒரு வாரமா இதே கூத்து. ஒவ்வொண்ணையும் தனித்தனியா மடிச்சிக் குடுக்கணுமாம், மகாராணிக்கு!"

முருகையனுக்குத் திக்கென்றது. வீட்டுச் சோற்றைத் தவிர வேறெதையும் தொடாத பெண். அந்தச் சம்பளத்தில் தினம் இருபது பஜ்ஜியா? பட்டியலை வாங்கிக்கொண்ட யாரோ இவளுக்குக் கைமாறு செய்கிறார்கள்.

மூன்றரை மணிக்கு அவளைக் கூப்பிட்டான்.

"புதன்கிழமை பதினொண்ணு பத்துக்கு அந்தப் பட்டியல ஏம்மா தொறந்த?"

"நெசப் பட்டியலான்னு ஒத்துப் பாத்தேன் சார்."

"எதோட?"

அவள் கையேட்டை எட்டிப் பார்த்தாள். "எத்தினியாவது அத்தியாயத்துல இருக்கீங்க?"

"எட்டு. பேச்ச மாத்தாத."

"ஒம்போதையும் படிச்சிட்டு எம் பேர எழுதுங்களேன். அரைப் பக்கந்தான். ஒங்க வேகத்துக்கே பத்து நிமிஷம்." வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ஒரு துணிப்பையை மேசைமேல் வைத்தாள். "இது ஒரு வாரமா நான் சேத்தது. யாருக்கும் காட்டாம எரிச்சிடுங்க சார்."

வேலையே போகப்போகிறது, இவளுக்குச் சிரிப்பு வருகிறதே என்று கடுகடுத்தபடி முருகையன் பக்கத்தைப் புரட்டினான். இரண்டு தடவை அகராதியைப் பார்த்தான். பிறகு துணிப்பையைப் பிரித்துப் பார்த்தான். எண்ணெய் வாசம் குப்பென்று அடித்தது. சிவப்புப் பென்சிலைக் கையில் எடுத்தான்.

நாலு மணிக்கு தேவதாஸ் வந்து கை நீட்டினார். முருகையன் எழுந்து நின்று தாளைக் கொடுத்தான். வசந்தாவின் பெயர் அடிக்கப்பட்டு, கீழே வேறு பெயர் இருந்தது.

"ஒம் பேர எதுக்குய்யா எழுதியிருக்க?"

"தப்பு என்னுது சார். அந்தப் பொண்ணு அத மூடி மறைக்கத்தான் பாத்துச்சி."

"திரையப் பதியிறவன் நீ. நீ என்ன தப்பு பண்ண?"

"பூவாயி பஜ்ஜி மடிக்கிற தாளு பூரா, நான் படிச்சி டிக் போட்டுட்டு, ஒம்போதாம் அத்தியாயம் சொன்னபடி எரிக்காம, பாவம்னு அவளுக்குக் குடுத்ததுதான் சார்."