எழுத ஆரம்பித்த தேதி

"இனிமே எல்லாம் உங்க சொந்த வெப்சைட்லதான், மேடம். யாரும் மூட முடியாது" என்று லேப்டாப்பைக் காவேரியின் பக்கம் திருப்பினான் செபஸ்தியான்.

மயிலாப்பூரில் இறந்துபோகிறவர்களைப் பற்றி வாரம் ஒரு கடிதம் எழுதுவாள் காவேரி. அவளுடைய நியூஸ்லெட்டருக்கு நாலாயிரம் வாசகர்கள். பழைய கடிதங்களை எல்லாம் அன்று காலையில்தான் அவன் புதிய தளத்துக்கு மாற்றியிருந்தான்.

"ஒரு சின்ன சிக்கல் மேடம். பழைய இடத்துல வெளியிட்ட தேதி மட்டும்தான் தெரியும். இதுல நீங்க எழுத ஆரம்பிச்ச தேதியும் சேர்ந்து வந்துடுச்சு. அது தப்பா விழுந்திருக்கு போல."

"எப்படித் தப்பு?"

"மாட வீதி ஜெராக்ஸ் கடைக்காரர் பத்தாம் தேதி மாடிப்படியில விழுந்து இறந்துட்டார்னு எழுதியிருக்கீங்க. ஆனா எழுத ஆரம்பிச்சது மூணாம் தேதின்னு காட்டுது. எல்லாக் கடிதமும் இப்படித்தான். சரியா ஒரு வாரம் முன்னாடி."

காவேரி கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு தேதியாக நிதானமாகப் பார்த்தாள். எதையும் மறுக்கவில்லை.

"மறைச்சிடலாம் மேடம், ரெண்டு நிமிஷ வேலை" என்றான் அவசரமாக. "வாசகர்களுக்குத் தெரியவே தெரியாது."

"உங்களுக்குத் தெரியுமே, தம்பி."

லேப்டாப்பைத் தன் பக்கம் இழுத்து, 'புதிய கடிதம்' என்ற பொத்தானை அழுத்தினாள். மேலே இன்றைய தேதி தானாக வந்து உட்கார்ந்தது. அதன் கீழே 'செபஸ்தியான்' என்று பிழையில்லாமல் தட்டிவிட்டு நிமிர்ந்தாள்.

"உங்க இனிஷியல் என்ன, தம்பி? அது தப்பா வந்தா வீட்ல இருக்கறவங்க ரொம்ப வருத்தப்படுவாங்க."